200 கிராம் மாவு, 110 கிராம் முட்டை: வீட்டிலேயே பாஸ்தா இடலாம்

வீட்டில் பாஸ்தா இட இரண்டே பொருள் போதும்: மாவு, முட்டை. மாவில் உப்பு வேண்டாம், எண்ணெய் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். ஒன்றரை மணி நேரம் ஒதுக்கினால் இரண்டு பேர் வயிறாரச் சாப்பிடலாம். அந்த ஒன்றரை மணியிலும் அரை மணி நேரம் மாவு தன்பாட்டுக்கு ஊறிக்கொண்டிருக்கும். சப்பாத்தி இட்டுப் பழகிய கைக்கு இதில் புதிதாகக் கற்க வேண்டியது கொஞ்சம்தான்.

ஆனாலும் முதல் தடவை செய்து பார்த்தவர்கள் பலர் "மாவு கல்லு மாதிரி ஆயிடுச்சு", "கொதிக்கிற தண்ணியில போட்டதும் ஒரே கட்டியா ஒட்டிக்கிச்சு" என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் தோற்றேன். எழுதியிருந்த அளவை அப்படியே நம்பிவிட்டு, கையில் இருந்த மாவின் பதத்தைப் பார்க்கவில்லை. அதனால் இந்தக் கட்டுரையில் அளவையும் சொல்கிறேன், ஒவ்வொரு கட்டத்திலும் மாவு எப்படி இருக்க வேண்டும் என்பதையும் சொல்கிறேன். இரண்டும் முரண்பட்டால் பதத்தையே நம்புங்கள்.

நான் கற்றுக்கொண்டது வட இத்தாலியின் எமிலியா-ரொமாஞா பகுதியில், பொலோஞா நகரத்து முறை. அங்கே கொஞ்ச காலம் குடியிருந்தேன். வீட்டுக்காரம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் சமையலறை மேசைமேல் பெரிய மரப்பலகையைப் போட்டு மாவு பிசைவார். பக்கத்தில் நின்று பார்க்க என்னை விட்டார், அப்புறம் பிசையவும் விட்டார். எதைக் கேட்டாலும் அவர் நிமிடக் கணக்கு சொல்ல மாட்டார். என் கையைப் பிடித்து மாவின்மேல் வைத்து, "இப்படி இருக்கணும்" என்பார். அவ்வளவுதான்.

அங்கே இந்த வேலைக்கென்றே சில சொற்கள் உண்டு. மெல்லிசாக இட்ட மாவு விரிப்பு 'ஸ்ஃபோல்யா'. இலை என்ற பொருளுள்ள 'ஃபோல்யா'விலிருந்து வந்த சொல் அது. அதை இடுவதையே தொழிலாகக் கொண்ட பெண் 'ஸ்ஃபோல்யீனா'. அவர் கையில் இருக்கும் நீண்ட உருட்டுக்கட்டை 'மத்தரெல்லோ'. இது பெரும்பாலும் 80 சென்டிமீட்டருக்கு மேல் நீளமாக இருக்கும். நம் பூரிக்கட்டையைப் பார்த்தால் அவர்கள் பொம்மை என்று நினைத்துக்கொள்வார்கள். ஆனால் அதை வைத்தே வேலையை முடிக்கலாம், வழி பின்னால் வருகிறது.

கடைப் பாஸ்தா வேறு, இது வேறு

ஒன்றை முதலிலேயே தெளிவாக்கிவிடலாம். கடையில் விற்கும் உலர்ந்த ஸ்பகெத்தியும் பென்னேயும் இந்தப் பாஸ்தாவின் காய்ந்த வடிவம் இல்லை. இரண்டும் வேறு வேறு கோதுமையில் பிறந்தவை. உலர்ந்த பாஸ்தா டியூரம் என்கிற கெட்டிக் கோதுமையின் ரவையில், வெறும் தண்ணீர் சேர்த்துச் செய்வது. இத்தாலியில் உலர்ந்த பாஸ்தாவை டியூரம் கோதுமையில்தான் செய்ய வேண்டும் என்று 1967-இல் சட்டமே போட்டார்கள். வடக்கே போ நதிச் சமவெளியில் விளைந்தது மென்கோதுமை. அதில் தண்ணீர் மட்டும் விட்டுப் பிசைந்தால் கட்டுக்கோப்பு போதாது. முட்டைதான் அந்தக் குறையை நிரப்புகிறது. அதனால்தான் பொலோஞாப் பாஸ்தாவில் முட்டையும், தெற்கே புலியாவில் ரவையும் தண்ணீரும். "எது உசத்தி" என்று கேட்பதில் அர்த்தமில்லை. குழம்பு குடிக்கும் மென்மை வேண்டுமென்றால் முட்டைப் பாஸ்தா, பல்லுக்குக் கொஞ்சம் எதிர்ப்புக் கொடுக்க வேண்டுமென்றால் கடை ஸ்பகெத்தி. முட்டை சாப்பிடாதவர்களுக்குத் தெற்கத்தி முறையையும் கடைசியில் சொல்கிறேன்.

மாவு

இத்தாலியர் பயன்படுத்துவது '00' என்று குறித்த மாவு. அந்த இரண்டு பூஜ்யங்களும் மாவு எவ்வளவு சுத்தமாகத் தவிடு நீக்கப்பட்டது என்பதற்கான குறியீடு. எரித்தால் மிஞ்சும் சாம்பல் 0.55 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது கணக்கு. புரதத்துக்கும் இந்த எண்ணுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. எனவே '00' கிடைக்கவில்லையே என்று ஏங்க வேண்டாம், நல்ல மைதா போதும். வெளுக்காத மைதா கிடைத்தால் இன்னும் நல்லது, நிறமும் மணமும் கூடும். மைதாவைச் சலித்துக்கொள்ளுங்கள். கோதுமை மாவு, அதாவது ஆட்டா, முதல் முயற்சிக்கு வேண்டாம். அதிலுள்ள தவிடு மாவின் இழுவையை அறுத்துவிடும், மெல்லிசாக இடும்போது கிழியும்.

முட்டையை எடை போடுங்கள்

உலகமெங்கும் எழுதப்படும் அளவு ஒன்றுதான்: 100 கிராம் மாவுக்கு 1 முட்டை. நான் ஊருக்கு வந்து முதலில் செய்தபோது இதே அளவில்தான் போட்டேன். 200 கிராம் மைதா, 2 முட்டை. மாவு சேரவே இல்லை. பொடிப்பொடியாக உதிர்ந்தது. வலுக்கட்டாயமாக அழுத்திச் சேர்த்துப் பிசைந்ததில் தேங்காய் ஓடு மாதிரி இறுகிவிட்டது. பத்து நிமிடத்தில் மணிக்கட்டு வலி எடுத்ததுதான் மிச்சம்.

பிறகு தராசில் வைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. ஐரோப்பாவில் நடுத்தர முட்டை என்றாலே ஓட்டோடு 53 முதல் 63 கிராம், பெரியது என்றால் 63 முதல் 73 கிராம். நான் வாங்கியவை ஓட்டோடு ஐம்பது கிராம்தான் இருந்தன. உடைத்தால் உள்ளே 45 கிராமுக்குப் பக்கம். இரண்டு முட்டைக்கே 15, 20 கிராம் ஈரம் குறைந்துபோகிறது. 200 கிராம் மாவுக்கு அது பெரிய வித்தியாசம்.

அதனால் எண்ணிக்கையை மறந்துவிட்டு எடையைப் பிடியுங்கள். 200 கிராம் மைதாவுக்கு, ஓடு நீக்கிய முட்டை 110 கிராம். நம் முட்டையென்றால் 2 முழு முட்டையோடு இன்னொரு முட்டையின் மஞ்சள் கரு மட்டும் சேர்த்தால் கிட்டத்தட்ட சரியாக வரும். மஞ்சள் கரு கூடினால் மாவு வழவழப்பாகும், நிறமும் நன்றாக வரும். வெள்ளைக் கரு கூடினால் வெந்தபின் இறுக்கம் கூடும். முட்டையைக் குளிர்ப்பெட்டியிலிருந்து அரை மணி முன்னதாகவே எடுத்து வெளியே வைத்துவிடுங்கள். சில்லென்ற முட்டையில் மாவு சீக்கிரம் சேராது.

பிசைவது

மரப்பலகை இருந்தால் அதிலே செய்யுங்கள். மேடைக் கல்லிலும் செய்யலாம்தான், ஆனால் மரத்தின் சொரசொரப்பு மாவில் பதியும், அந்தச் சொரசொரப்பில்தான் பிறகு குழம்பு பிடிக்கும். வழவழப்பான கிரானைட்டில் இட்ட பாஸ்தாவில் வெண்ணெய் வழுக்கிக்கொண்டு ஓடுவதை நீங்களே பார்க்கலாம்.

200 கிராம் மாவில் இரண்டு மேசைக்கரண்டி எடுத்துத் தனியே வையுங்கள். மீதியைப் பலகைமேல் குவித்து, நடுவில் அகலமாகக் குழி செய்யுங்கள். குழியின் கரை உயரமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முட்டை உடைத்துக்கொண்டு மேசைக்கு ஓடும். பயமாக இருந்தால் முதல் தடவை அகலமான பாத்திரத்தில் செய்துகொள்ளுங்கள், தவறில்லை. குழியில் முட்டையை ஊற்றி, முள்கரண்டியால் முதலில் முட்டையை மட்டும் அடியுங்கள். வெள்ளையும் மஞ்சளும் ஒன்றானதும், உள்கரையிலிருந்து மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரித்துக் கலக்குங்கள். இட்லி மாவு மாதிரி கெட்டியாகும் வரை முள்கரண்டி, அதற்கப்புறம் கைதான்.

முதல் இரண்டு நிமிடம் பார்க்கவே நன்றாக இருக்காது. கையெல்லாம் ஒட்டும், பலகையெல்லாம் துகள். இந்த இடத்தில் அவசரப்பட்டுத் தண்ணீர் தெளிக்கவும் வேண்டாம், மாவைக் கொட்டவும் வேண்டாம். மாவு ஈரத்தை உறிஞ்ச நேரம் எடுக்கும். துகள்களையெல்லாம் வழித்துச் சேர்த்து ஒரு உருண்டையாக்கிவிட்டு, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வாருங்கள். அந்த ஒரு நிமிட இடைவெளியிலேயே மாவு மாறியிருக்கும்.

இப்போது உண்மையான பிசைதல். உள்ளங்கையின் அடிப்பகுதியால், மணிக்கட்டுக்குச் சற்று மேலே உள்ள தடித்த இடத்தால், மாவை முன்னோக்கித் தள்ளுங்கள். தள்ளியதை விரல்களால் மடித்து உங்கள் பக்கம் இழுங்கள். கால்வாசி திருப்புங்கள். மறுபடி தள்ளுங்கள். தோளிலிருந்து பலம் வரட்டும், விரலால் கசக்க வேண்டாம். மேசை உங்கள் இடுப்பளவு இருந்தால் உடம்பின் எடையே பாதி வேலையைச் செய்துவிடும். பரோட்டாவுக்குப் பிசைவதைவிட இது இறுக்கமான மாவு. பிசையப் பிசையத்தான் இளகும்.

பத்து நிமிடம் என்பது பொதுவான கணக்கு. ஐந்தாவது நிமிடத்தில் மேற்பரப்பு மேடு பள்ளமாக, ஆரஞ்சுத் தோல் போல இருக்கும். எட்டாவது நிமிடத்துக்குப் பக்கத்தில் அது நிறைந்து சமமாகும். பதம் வந்ததா என்று பார்க்க வீட்டுக்காரம்மா கட்டைவிரலால் உருண்டையை ஓர் அழுத்து அழுத்துவார். குழி அப்படியே நின்றால் இன்னும் பிசைய வேண்டும். மெதுவாக, தூங்கி எழுபவர் போல மேலே வந்தால் போதும். இன்னொரு சோதனையும் உண்டு: கத்தியால் உருண்டையை இரண்டாக வெட்டிப் பாருங்கள். வெட்டிய முகத்தில் ஊசி முனை அளவில் சிறு துளைகள் நிறையத் தெரிந்தால் நன்றாகப் பிசைந்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

மாவு வெடித்து, ஓரமெல்லாம் கீறினால் ஈரம் போதவில்லை. கையை மட்டும் நனைத்து உதறிவிட்டுப் பிசையுங்கள். தேவைப்பட்டால் மறுபடி நனையுங்கள். ஒரு கரண்டித் தண்ணீரை நேரே ஊற்றினால் மேலே சேறு, உள்ளே கல் என்று ஆகிவிடும். கையில் ஒட்டிக்கொண்டே இருந்தால் தனியே எடுத்துவைத்த மாவைச் சிட்டிகை சிட்டிகையாகத் தூவுங்கள். மழைக்காலத்தில் காற்றிலிருந்தே மாவு ஈரம் இழுத்திருக்கும், எடுத்துவைத்த மாவு முழுதும் தேவைப்படலாம்.

ஊற விடுவது

பிசைந்த உருண்டையைக் காற்றுப் புகாமல் சுற்றி, அல்லது ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து மூடி, அரை மணி நேரம் வெளியிலேயே வைத்துவிடுங்கள். மாவிலுள்ள குளுடெனின், கிளையடின் என்ற இரண்டு புரதங்கள் ஈரத்தில் சேர்ந்து பின்னும் வலைதான் குளூட்டன். பிசையும்போது அந்த வலை விறைத்து நிற்கும். அப்படியே இட்டால் ரப்பர் போலச் சுருங்கும். அரை மணியில் அது தளர்ந்து, கட்டை போன போக்கில் வரும். இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். பிசைந்தவுடனே இட்டுப் பார்த்து, "எவ்வளவு இழுத்தாலும் சுருங்குது" என்று சலித்துப் போகிறவர்கள் நிறையப் பேர்.

நல்ல வெயில் காலத்தில் முட்டை மாவை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்க வேண்டாம். தாமதமாகுமென்றால் குளிர்ப்பெட்டியில் வையுங்கள். ஆனால் ஒரு நாளைத் தாண்டினால் மாவு சாம்பல் பச்சையாக நிறம் மாறத் தொடங்கும். கெட்டுப்போனது என்று பொருளில்லை, ஆனால் பார்க்கவும் நன்றாக இருக்காது, சுவையும் மங்கும். அன்றே பிசைந்து அன்றே இடுவதுதான் அழகு.

இடுவது

மின்விசிறியை நிறுத்துங்கள். நம் வீடுகளில் மறந்துபோகும் விஷயம் இது. விசிறிக் காற்றில் ஐந்து நிமிடத்தில் ஓரம் காய்ந்து வெடிக்கும்.

உங்களிடம் இருப்பது பூரிக்கட்டை என்றால் உருண்டையை நான்காகப் பிரித்து, ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை மூடி வையுங்கள். நீளமான, ஒரே சீரான கட்டை கிடைத்தால் இரண்டாகப் பிரித்தால் போதும். நடுப் பருத்து நுனி மெலிந்த கட்டை இதற்குத் தோதில்லை, விரிப்பின் நடு மட்டும் மெலிந்து ஓரம் தடித்து நிற்கும்.

பலகையில் துளி மாவு தூவி, உருண்டையை உள்ளங்கையால் தட்டி வட்டமாக்குங்கள். கட்டையை நடுவில் வைத்து வெளிப்பக்கமாகத் தள்ளுங்கள், ஓரத்தைத் தாண்டி உருட்டாமல் விளிம்புக்கு ஒரு விரல் முன்னாலேயே நிறுத்துங்கள். கொஞ்சம் திருப்பி மறுபடி. தோசைக்கல் அளவுக்கு வந்ததும் வேலை மாறுகிறது. இனி அழுத்திப் பயனில்லை, இழுக்க வேண்டும். தூரத்து விளிம்பைக் கட்டையில் சுற்றி, பாதி விரிப்பு வரை உங்கள் பக்கம் உருட்டிக்கொண்டு வாருங்கள். உருட்டும்போதே இரண்டு கையையும் கட்டையின் நடுவிலிருந்து இரு நுனிக்கும் மெல்ல நகர்த்துங்கள், உள்ளங்கை மாவைப் பக்கவாட்டில் தடவி இழுப்பது போல. பிறகு சட்டென்று விரித்துவிட்டு, விரிப்பைத் திருப்பி, அடுத்த விளிம்பிலிருந்து மறுபடி. வீட்டுக்காரம்மா இதைச் செய்யும்போது விரிப்பு ஒவ்வொரு முறை பலகையில் விழும்போதும் 'தப்' என்று ஈரத்துணி உதறுவது போலச் சத்தம் வரும். முதலில் கனமான சத்தம். மெலிய மெலிய அது காகிதம் உதறும் சத்தமாக மாறும். ஒரு நாள் அடுத்த அறையில் உட்கார்ந்திருந்தபோது அந்தச் சத்தத்தை வைத்தே வேலை எந்த மட்டில் இருக்கிறது என்று என்னால் சொல்ல முடிந்தது.

எவ்வளவு மெல்லிசு? ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக. வெந்ததும் பாஸ்தா ஊதும், அதனால் "இது போதும்" என்று தோன்றிய பிறகும் இன்னொரு சுற்று இடுங்கள். பொலோஞாவுக்குத் தென்மேற்கே குன்றின்மேல் சான் லூக்கா என்ற மாதா கோயில் இருக்கிறது. இட்ட விரிப்பைத் தூக்கிப் பிடித்தால் அதன் வழியே சான் லூக்கா தெரிய வேண்டும் என்பது அந்த ஊர்ப் பேச்சு. நம் வீட்டில், விரிப்புக்கு அடியில் கையை விட்டுப் பாருங்கள். விரல்களின் உருவம் மங்கலாகத் தெரிந்தால் சரி.

விரிப்பு சுருங்கிக்கொண்டே இருந்தால் சண்டை போடாமல் ஈரம் பிழிந்த துணியால் மூடிப் பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். ஓட்டை விழுந்தால் ஓரத்திலிருந்து கொஞ்சம் மாவைக் கிள்ளி, துளி ஈரம் தொட்டு ஒட்டி, கட்டையை ஓட்டுங்கள்.

கையால் சுற்றும் பாஸ்தா எந்திரம் வைத்திருப்பவர்கள் மாவைக் கொஞ்சம் இறுக்கமாகவே பிசைந்துகொள்ளுங்கள். உருளைகள் மிக அகலமாக இருக்கும் நிலையில் ஒரு முறை விட்டு, மூன்றாக மடித்து, மறுபடி அதே நிலையில் மூன்று நான்கு முறை. பிறகு ஒவ்வொரு எண்ணாகக் குறுக்கிக்கொண்டே ஒவ்வொரு முறை. எண்களைத் தாண்டிப் போனால் கிழியும். வேலை முடிந்ததும் எந்திரத்தைத் தண்ணீரில் கழுவவே கூடாது, துரு ஏறிவிடும். ஒட்டிய மாவு காய்ந்ததும் தூரிகையால் தட்டிவிட்டால் போதும். ஆனால் முதல் இரண்டு மூன்று தடவையாவது கட்டையால் இட்டுப் பாருங்கள் என்பதே என் கருத்து. எந்திரத்தில் பதம் தவறினாலும் ஒரு மாதிரி விரிப்பு வந்துவிடும், தவறு எங்கே என்று கை கற்றுக்கொள்ளாது.

உலர்த்தி வெட்டுவது

இட்ட விரிப்பைச் சுத்தமான பருத்தித் துணிமேல் பத்துப் பதினைந்து நிமிடம் போட்டு வையுங்கள். அப்பளம் இட்டதும் வெயிலில் போடாமல் நிழலில் உலர்த்துவோமே, அந்த நிலை. தொட்டால் ஒட்டக் கூடாது, மடித்தால் ஒடியவும் கூடாது. ஈரமாக இருக்கும்போதே சுருட்டி வெட்டினால் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாகும். ஆரம்பத்தில் நான் சொன்ன "கட்டியா ஒட்டிக்கிச்சு" புகாருக்குப் பாதிக் காரணம் இங்கேதான் இருக்கிறது.

விரிப்பின்மேல் லேசாக ரவை தூவி, பாய் சுருட்டுவது போலத் தளர்வாக, தட்டையாகச் சுருட்டுங்கள். நீளமான கூர்க்கத்தியால் ஒரே அழுத்தில் வெட்டுங்கள், அறுக்காதீர்கள். வெட்டியவுடனே விரல்களால் உதறிப் பிரித்து, ரவை தூவிய தட்டில் சிறு சிறு கூடுகளாகச் சுற்றி வையுங்கள். தூவுவதற்கு மைதாவைவிட ரவை நல்லது. மைதா பாஸ்தாவோடு கரைந்து ஒட்டும், ரவை கொதிதண்ணீரில் உதிர்ந்து அடியில் தங்கிவிடும்.

எவ்வளவு அகலத்தில் வெட்டுகிறோமோ அதை வைத்துப் பெயர். 2, 3 மில்லிமீட்டர் என்றால் தல்யோலீனி, இரண்டு விரல் அகலம் என்றால் பப்பர்தெல்லே. இரண்டுக்கும் நடுவே, பொலோஞாவின் பெருமையாக இருப்பது தல்யாத்தெல்லே. 'தல்யாரே' என்றால் வெட்டுவது, பெயரே அங்கிருந்து வந்ததுதான். வெந்தபின் அதன் அகலம் 8 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்று 1972 ஏப்ரல் 16-ஆம் தேதி அந்நகர வணிகக் கழகத்தில் முறைப்படி பதிவு செய்திருக்கிறார்கள். தங்கத்தில் செய்த மாதிரி ஒன்றும் அங்கே இருக்கிறது. நகரின் நடுவே நிற்கும் அசினெல்லி கோபுரத்தின் உயரத்தில் 12,270-இல் ஒரு பங்கு அது என்றும் கணக்குச் சொல்லியிருக்கிறார்கள். கோபுரம் 97 மீட்டருக்குச் சற்று மேல். வகுத்துப் பாருங்கள், 8 மில்லிமீட்டருக்கு மயிரிழை குறைவாக வரும். வெந்தால் விரியும் என்பதால் வெட்டும்போது 7 மில்லிமீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சுண்டுவிரல் நகத்தின் அகலத்தைவிடக் கொஞ்சம் குறைவு.

வேகவைப்பது

இத்தாலியர் கணக்கு சுலபமானது: 100 கிராம் பாஸ்தாவுக்கு 1 லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு. நம் அளவுக்கு ஏறக்குறைய 300 கிராம் பாஸ்தா வரும், அதனால் 3 லிட்டர் தண்ணீர் தளதளவென்று கொதிக்கட்டும். மாவில் உப்பு இல்லாததால் இங்கேதான் பாஸ்தாவுக்கு உப்பு ஏற வேண்டும். தண்ணீரில் எண்ணெய் விடாதீர்கள். அது மேலே மிதக்கும், வடிக்கும்போது பாஸ்தாமேல் படிந்து குழம்பைப் பிடிக்கவிடாமல் செய்யும். ஒட்டாமல் இருக்க வேண்டுமென்றால் நிறையத் தண்ணீர், நல்ல கொதி, போட்டவுடன் ஒரு கிளறல்.

புதுப் பாஸ்தா இரண்டு, மூன்று நிமிடத்தில் வெந்துவிடும். மிக மெல்லிசாக இட்டிருந்தால் ஒன்றரை நிமிடமே அதிகம். மேலே மிதந்து வந்ததும் ஓர் இழையை எடுத்துக் கடித்துப் பாருங்கள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கேயும் செல்லும். பச்சை மாவு வாசம் போய், பல்லில் ஒட்டாமல், மெல்லும்போது லேசாகத் துள்ள வேண்டும். உலர்ந்த பாஸ்தாவில் நடுவே ஒரு வெள்ளைப் புள்ளி நிற்கும் பருவத்தைத் தேடுவார்கள், முட்டைப் பாஸ்தாவில் அதைத் தேட வேண்டாம். வடிக்கும் முன் ஒரு கிண்ணம் வெந்த தண்ணீரை எடுத்து வையுங்கள். பாஸ்தாவைக் குழாயடியில் அலசாதீர்கள்.

முதல் தடவைக்குக் குழம்பு எளியதாக இருக்கட்டும், பாஸ்தாவின் சுவை தெரிய வேண்டும் அல்லவா. அகலமான வாணலியில் 40 கிராம் வெண்ணெயை உருக்கி, சேஜ் இலை கிடைத்தால் நான்கு போட்டு, மணம் வந்ததும் எடுத்துவைத்த தண்ணீரில் ஒரு கரண்டி விடுங்கள். பாஸ்தாவைத் தண்ணீர் சொட்டச் சொட்ட அதில் போட்டு அரை நிமிடம் புரட்டுங்கள். அடுப்பை அணைத்து, துருவிய பர்மிஜானோ சீஸ் ஒரு கைப்பிடி. தண்ணீரிலுள்ள மாவுச்சத்தும் வெண்ணெயும் சேர்ந்து பாலாடை போல இழைகளில் ஒட்டிக்கொள்ளும். சைவர்கள் கவனிக்க: உண்மையான பர்மிஜானோ-ரெஜ்ஜானோவில் பாலை உறையவைக்கக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரெனெட்டைத்தான் பயன்படுத்துகிறார்கள். தாவர ரெனெட்டில் செய்த வேறு கெட்டிச் சீஸ்கள் கடையில் கிடைக்கும், உறையைப் படித்து வாங்குங்கள்.

பொலோஞாக்காரர்கள் தல்யாத்தெல்லேக்கு ரகூ என்ற இறைச்சிக் குழம்பைத்தான் ஊற்றுவார்கள். உலகமெங்கும் 'ஸ்பகெத்தி பொலொனேஸ்' என்று விற்பது அந்த ஊரின் வழக்கமே இல்லை. வழுவழுப்பான ஸ்பகெத்தியில் கொத்துக்கறி தங்காது, தட்டின் அடியில் போய்ச் சேரும். சொரசொரப்பான, அகலமான தல்யாத்தெல்லே அதை அள்ளிக்கொண்டு வரும்.

முட்டை இல்லாமல்

புலியா மாநிலத்தின் பாரி நகரில், பழைய ஊரின் சந்துகளில் பெண்கள் வீட்டு வாசலில் பலகை போட்டு உட்கார்ந்து ஒரெக்கியெத்தே செய்து விற்பார்கள். 'சின்னக் காது' என்று பொருள். மாவில் டியூரம் ரவையும் தண்ணீரும் மட்டும். அவர்கள் பயன்படுத்துவது இரண்டு முறை அரைத்த நைஸ் ரவை. அது கிடைக்காவிட்டால் கடை ரவை 100 கிராமை மிக்சியில் நன்றாகப் பொடித்துச் சலித்து, 100 கிராம் மைதாவோடு கலந்துகொள்ளுங்கள். வெதுவெதுப்பான தண்ணீர் ஏறக்குறைய 100 மில்லிலிட்டர், கடைசிக் கால்பங்கைப் பதம் பார்த்து விடுங்கள். பிசைவதும் ஊறவிடுவதும் மேலே சொன்னபடியேதான்.

ஊறிய மாவைச் சுண்டுவிரல் தடிமனில் கயிறாக உருட்டி, ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டுங்கள். கூர் இல்லாத, முனை மழுங்கிய கத்தியைத் துண்டின்மேல் சாய்த்து வைத்து அழுத்தி உங்கள் பக்கம் இழுங்கள். துண்டு கத்தியைச் சுற்றிச் சுருண்டுகொள்ளும். அதைக் கட்டைவிரல் நுனியில் தொப்பி மாதிரி போட்டு வெளிப்பக்கமாகத் திருப்பினால் சொரசொரப்பான முதுகும் குழிவான வயிறும் கொண்ட காது தயார். திருப்ப வரவில்லையா, சுருண்ட நிலையிலேயே விட்டுவிடுங்கள், அதுவும் 'கவத்தெல்லி' என்ற பெயரில் ஒரு பாஸ்தாதான். உருட்டுக்கட்டையே தேவையில்லை என்பதால் பிள்ளைகளைக் கூட்டு சேர்த்துக்கொண்டு செய்ய இது நல்லது. நான்கைந்து நிமிடம் வேக வேண்டும். பாரியில் இதற்குக் கூட்டு, லேசாகக் கசக்கும் ஒரு கீரை. அதே குடும்பத்து முள்ளங்கிக் கீரையைப் பூண்டும் காய்ந்த மிளகாயும் தாளித்து ஆலிவ் எண்ணெயில் வதக்கிச் சேர்த்துப் பார்த்தேன், நன்றாகவே பொருந்தியது.

மிச்சம் இருந்தால்

முட்டைப் பாஸ்தாவை ஈரக் காற்றுள்ள ஊர்களில் வடாம் போலக் காயவைத்து மாதக்கணக்கில் வைக்க முயலாதீர்கள். உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும், முட்டை இருப்பதால் வயிற்றுக்கும் ஆபத்து. கூடுகளைத் தட்டோடு உறைபெட்டியில் வைத்து, கல்லானதும் டப்பாவில் போட்டு மூடுங்கள். ஒரு மாதம் வரை தாங்கும். சமைக்கும்போது இளகவிடாமல் அப்படியே கொதிதண்ணீரில் போட வேண்டும், ஒரு நிமிடம் கூடுதலாக வேகட்டும்.

வெட்டும்போது விழும் கோணல் ஓரங்களை எறிந்துவிடாதீர்கள். எமிலியாவில் அவற்றுக்கும் ஒரு பெயர் இருக்கிறது: மல்தல்யாத்தி, 'கோணலாய் வெட்டியவை'. வீட்டுக்காரம்மா அவற்றைத் துணியில் பரப்பி வைத்துக்கொண்டு, மாலையில் ஊறவைத்த பீன்ஸ் பயற்றை வெங்காயம், கேரட், செலரியோடு வேகவிட்டு, பாதியைக் கரண்டியால் மசித்து, கொதித்துக்கொண்டிருக்கும் அந்தக் கஞ்சியில் இந்தத் துண்டுகளை உதிர்ப்பார். இரண்டு நிமிடம். மேலே கொஞ்சம் ஆலிவ் எண்ணெய், மிளகுத் தூள். காலையில் தல்யாத்தெல்லே சாப்பிட்ட அதே மேசையில் இரவுச் சாப்பாடு அதுதான்.